பெப்டைடு சங்கிலி நீளும்போது நகர்வது எது? ஜிடிபி (GTP, செல்லின் ஓர் ஆற்றல் மூலக்கூறு) எதற்குச் செலவாகிறது?

காரிமங்கலம் டியூஷன்

பிளஸ் டூ உயிரியல் எடுக்கிறேன். ரைபோசோமில் புரதம் உருவாகும் பாடத்தில் தொடக்கமும் முடிவும் பிள்ளைகளுக்கு மனப்பாடத்தில் ஓடிவிடும். நடுவில் சங்கிலி நீளும் கட்டத்தைக் கேட்டால்தான் தடுமாற்றம். “புது அமினோ அமிலம் வந்து சங்கிலியின் நுனியில் ஒட்டிக்கொள்ளும், அதற்கு ஜிடிபி ஆற்றல் தரும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கையேடுகள் பலவும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் படத்தைப் பார்த்தால் வேறு கதை. அடுத்த கட்டத்தில் சங்கிலி முழுவதும், ஏ இடத்தில் (ரைபோசோமில் புது அமிலம் வந்து சேரும் இடம்) இருக்கும் டிஆர்என்ஏ (tRNA, அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் ஆர்என்ஏ) மேல் இருக்கிறது. இந்த வருஷம் ஒரு மாணவி அதைப் பிடித்துக்கொண்டாள்: “சங்கிலிதானே சார் இடம் மாறியிருக்கிறது?”

அவளுக்கு என்ன பதில் சொல்வது என்பது ஒரு கேள்வி. ஜிடிபி உண்மையில் எந்த வேலைக்குச் செலவாகிறது என்பது இன்னொன்று. மார்க்குக்கான பதில் வேண்டாம், நடப்பது என்ன என்று சொல்லுங்கள்.

நீட் மறுபடியும்

சார், “பெப்டிடைல் டிரான்ஸ்ஃபரேஸ், 23எஸ் ஆர்ஆர்என்ஏ, ரைபோசைம்”, அதாவது பிணைப்பு போடும் நொதி ரைபோசோமின் சொந்த ஆர்என்ஏதான், இவ்வளவு தெரிந்தால் நாலு மார்க் வந்துவிடும். மீதியெல்லாம் யாரும் கேட்பதில்லை.

ஓசூர் லேப்

தம்பி, அவர் மார்க்கைக் கேட்கவில்லை.

மாணவி பார்த்ததுதான் சரி. இடம் மாறுவது சங்கிலிதான்.

ஏ இடத்துக்கு வரும் டிஆர்என்ஏ தன் நுனியில் ஓர் அமினோ அமிலத்தோடு வருகிறது. அந்த அமிலத்தின் கார்பாக்சில் முனை டிஆர்என்ஏவோடு எஸ்டர் பிணைப்பில் கட்டப்பட்டிருக்கிறது. அமினோ முனை சும்மா இருக்கிறது. பக்கத்தில் பி இடத்து டிஆர்என்ஏ, அதுவரை கட்டிய சங்கிலி முழுவதையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஏ இடத்து அமினோ முனை, சங்கிலியின் கடைசிக் கார்பாக்சில் கார்பனைத் தாக்கும். பழைய எஸ்டர் பிணைப்பு அறுந்து, அந்த இடத்தில் புதுப் பெப்டைடு பிணைப்பு உண்டாகும். சங்கிலி மூன்று அமிலம் நீளமோ மூவாயிரம் அமிலம் நீளமோ, மொத்தமும் புதிதாக வந்ததன் மேல் ஏறிவிடும். பி இடத்தில் வெறும் டிஆர்என்ஏ மிஞ்சும்.

டவுன் பஸ்ஸில் கைக்குழந்தை கை மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். நிற்கிறவரிடமிருந்து உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். கிட்டத்தட்ட அப்படி. ஒரு வித்தியாசம், இங்கே வாங்குகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. கையில் வைத்திருக்கும் அமிலத்தோடு சேர்த்துத்தான் சங்கிலியை வாங்குகிறார்.

அதற்குப் பிறகுதான் நகர்வு. சங்கிலி ஏந்திய டிஆர்என்ஏ ஏ-யிலிருந்து பி-க்கும், வெறுங்கையானது பி-யிலிருந்து வெளியேறும் வாசலான ஈ இடத்துக்கும் போகும். அமிலங்களின் வரிசையைச் சொல்லும் தூது ஆர்என்ஏ சரியாக மூன்று எழுத்து, அதாவது ஒரு கோடான், நகரும். ஏ இடம் மறுபடி காலி. ஈ-யில் இருப்பது கழன்று வெளியே போய்விடும்.

சங்கிலி கை மாறுகிறது என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் பியூரோமைசினைக் காட்டுங்கள். அது அமிலம் ஏற்றிய டிஆர்என்ஏவின் நுனி மாதிரியே இருக்கும் ஒரு சின்ன மூலக்கூறு. ஏ இடத்தில் புகுந்துகொள்ளும். சங்கிலி ஏமாந்து அதன்மேல் ஏறிவிடும். ஆனால் அதற்கு டிஆர்என்ஏவின் உடம்பு கிடையாது, கோடானைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. பாதிச் சங்கிலியோடு ரைபோசோமை விட்டு வெளியே விழுந்துவிடும். அமிலம்தான் சங்கிலியைத் தேடிப் போய் ஒட்டுகிறது என்றால் சங்கிலி பி இடத்திலேயே அல்லவா நின்றிருக்க வேண்டும்?

காரிமங்கலம் டியூஷன்

பியூரோமைசின் நல்ல சான்று. சங்கிலி அமினோ முனையிலிருந்து கார்பாக்சில் முனை நோக்கி வளர்கிறது என்பதும் இதோடு சேர்ந்து வந்துவிடுகிறது. முதலில் வைத்த அமிலத்தின் அமினோ முனை எப்போதும் வெளியே, கடைசியாக வந்ததன் கார்பாக்சில் முனை எப்போதும் டிஆர்என்ஏவில். 1961-இல் டின்ட்ஸிஸ் முயலின் இளம் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினைக் கதிரியக்க அமிலம் கொடுத்துப் பார்த்துக் கண்டதும் இந்தத் திசையைத்தான்.

ஜிடிபி பற்றி யாராவது?

அரூர்க்காரன்

இதில் சந்தேகமே வேண்டாம். பெப்டைடு பிணைப்பு தானாக உண்டாகாது, ஆற்றல் வேண்டும். ஒவ்வொரு அமிலம் சேரும்போதும் ஜிடிபி செலவாகிறது. இரண்டையும் கூட்டினால் ஜிடிபிதான் பிணைப்புக்கு ஆற்றல் என்று வருகிறது. நான் காலேஜில் படித்தது இதுதான், என் பையன் புத்தகத்திலும் இதுதான்.

ஓசூர் லேப்

ஆற்றல் வேண்டும் என்றது சரி, அது எங்கிருந்து வருகிறது என்றதில்தான் பிசகு. டிஆர்என்ஏ ரைபோசோமுக்கு வருவதற்கு முன்பே ஆற்றல் ஏற்றப்பட்டுவிடுகிறது.

அமினோ அமிலத்தை டிஆர்என்ஏவில் ஏற்றுவது அமினோஅசைல் டிஆர்என்ஏ சிந்தடேஸ் என்ற நொதிக் கூட்டம். பெரும்பாலும் ஓர் அமிலத்துக்கு ஒன்று. ஏற்றும்போது ஒரு ஏடிபி (ATP, இன்னோர் ஆற்றல் மூலக்கூறு), ஏஎம்பி (AMP) ஆக உடைகிறது. கணக்கில் இது இரண்டு உயர் ஆற்றல் பிணைப்பு. அந்த ஆற்றலில் ஒரு பங்கு அமிலத்துக்கும் டிஆர்என்ஏவுக்கும் நடுவே உள்ள எஸ்டரில் தங்கியிருக்கிறது. ரைபோசோமில் அந்த எஸ்டர் அறுந்துதான் பெப்டைடு பிணைப்பு பிறக்கிறது. பிணைப்புக்கான கூலி அங்கேயே கொடுத்தாகிவிட்டது.

மீதி இரண்டு ஜிடிபி. பாக்டீரியாவில் ஒன்று, டிஆர்என்ஏவைக் கூட்டிக்கொண்டு வரும் ஈஎஃப்-டியூ என்ற புரதக் காரணியில் உடைகிறது. இன்னொன்று, நகர்வுக்கு வரும் ஈஎஃப்-ஜி காரணியில். நம் செல்லில் இதே வேலைகளை ஈஈஎஃப்-1ஏ, ஈஈஎஃப்-2 செய்கின்றன. ஆக ஓர் அமிலம் சேர நான்கு உயர் ஆற்றல் பிணைப்பு. அந்த நான்கில் ஜிடிபி கணக்கில் வரும் இரண்டும் பிணைப்பு போடும் இடத்தைத் தொடுவதே இல்லை.

அரூர்க்காரன்

தொடாமலா அவ்வளவு செலவு செய்கிறது? செல் என்ன, பணத்தை வாரி இறைக்கும் ஆளா? ஜிடிபி இல்லாமல் ஒரு பிணைப்பாவது உண்டாகும் என்று காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

கிருஷ்ணகிரி எம்எஸ்சி

காட்டியிருக்கிறார்கள் சார். 1970களில் சோவியத் நாட்டில் ஸ்பிரினும் கவ்ரிலோவாவும் ஈஎஃப்-டியூ, ஈஎஃப்-ஜி, ஜிடிபி மூன்றும் இல்லாமலேயே சோதனைக் குழாயில் ரைபோசோமை ஓடவைத்தார்கள். தூது ஆர்என்ஏவுக்குப் பதில் வெறும் யூ எழுத்துகளால் ஆன பாலி-யூ. ஃபீனைல்அலனைன் ஏற்றிய டிஆர்என்ஏ. ஃபீனைல்அலனைன் சங்கிலி நீண்டது. மிக மெதுவாகத்தான், ஆனால் நீண்டது. பிணைப்பும் உண்டாயிற்று, நகர்வும் நடந்தது.

அப்படியானால் ஜிடிபி எதற்கு? என் பார்வையில் பாடத்தின் சுவையே இங்கேதான் இருக்கிறது, இதைத்தான் நாம் வகுப்பில் விட்டுவிடுகிறோம்.

முதல் ஜிடிபி சரிபார்ப்புக்கான செலவு. ஏ இடத்துக்கு எந்த டிஆர்என்ஏ வேண்டுமானாலும் வந்து மோதலாம். சரியானதற்கும் கொஞ்சம் தப்பானதற்கும் கோடானோடு சேரும் பிடியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு முறை பிடியைப் பார்த்து முடிவெடுத்தால் தப்பு நிறைய வரும். அதனால் இரண்டு முறை பார்க்கிறது. டிஆர்என்ஏ, ஈஎஃப்-டியூவோடு வரும்போது ஒரு முறை. பிடி சரியாக இருந்தால் ஜிடிபி உடைகிறது, காரணி விலகுகிறது. அதற்குப் பிறகு டிஆர்என்ஏ உள்ளே சாய்ந்து உட்காருவதற்கு முன் இன்னொரு முறை. தப்பானது அங்கேயும் நழுவி வெளியே போக வாய்ப்பு இருக்கிறது. ஜிடிபி உடைவது திரும்பாத படி என்பதால் இரண்டு தேர்வும் தனித்தனியாகின்றன, வடிகட்டலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகுகிறது. 1974-இல் ஹாப்ஃபீல்டும், தனியாக 1975-இல் நினியோவும் கணக்குப் போட்டுச் சொன்னது இது. கடைசியில் பிழை ஆயிரத்தில் ஒன்றிலிருந்து பத்தாயிரத்தில் ஒன்று வரை என்ற அளவில் நிற்கிறது.

இரண்டாவது ஜிடிபி நகர்வை வேகப்படுத்தவும் முன்னோக்கியே வைத்திருக்கவும்.

முதல் பார்வை நடக்கும் இடத்தைக் கண்ணால் காண வைத்தவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோமின் இரண்டு துணையலகுகளில் சிறியதன் 16எஸ் ஆர்ஆர்என்ஏவில் 1492, 1493 எண்ணுள்ள இரண்டு அடினின் எழுத்துகள் வெளியே புரண்டு, கோடானும் அதனோடு ஜோடி சேரும் டிஆர்என்ஏவின் எதிர்க்கோடானும் சேர்ந்த முதல் இரண்டு ஜோடிகளின் வடிவத்தைத் தடவிப் பார்க்கின்றன. 530ஆம் குவானினும் கூட நிற்கிறது. மூன்றாவது ஜோடியில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. ஒரே டிஆர்என்ஏ இரண்டு மூன்று கோடானைப் படிக்க முடிவது அதனால்தான்.

நீட் மறுபடியும்

மேடம், 2009 வேதியியல் நோபல். ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், அடா யோனத். இது கேட்பார்கள்.

பிணைப்பு போடுவது புரதம் இல்லை, ஆர்என்ஏ என்று எப்படித் தெரிந்தது?

ஓசூர் லேப்

1992-இல் நோலர் குழு, வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பெரிய துணையலகை எடுத்து, புரதத்தை அரிக்கும் நொதி, சோப்பு மாதிரியான எஸ்டிஎஸ், ஃபீனால் எல்லாம் போட்டு அலசினார்கள். புரதத்தின் பெரும்பங்கு போன பிறகும் பிணைப்பு போடும் திறன் போகவில்லை. அப்போதும் “கொஞ்சம் புரதம் ஒட்டியிருக்கிறதே” என்று சொல்ல இடம் இருந்தது. 2000-இல் ஸ்டைட்ஸ், மூர் குழுவின் படிகப் படம் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. பிணைப்பு நடக்கும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் புரதமே சுமார் 18 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கிறது. சுற்றி எல்லாம் ஆர்என்ஏ.

அது செய்வதும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு டிஆர்என்ஏ நுனிகளையும் சரியான கோணத்தில் எதிரெதிரே பிடித்து வைக்கிறது. அதற்கே வினை ஒரு கோடி மடங்கு அளவுக்கு வேகமாகிறது.

அரூர்க்காரன்

சரி, கோடானைச் சரிபார்க்கிறது. டிஆர்என்ஏ நுனியில் ஏற்றியிருக்கும் அமிலம் தப்பாக இருந்தால்?

கிருஷ்ணகிரி எம்எஸ்சி

பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 1962-இல் செய்து பார்த்தார்கள். சிஸ்டைன் ஏற்றிய டிஆர்என்ஏவை எடுத்து, நிக்கல் வினையூக்கியால் சிஸ்டைனின் கந்தகத்தை மட்டும் பிடுங்கினார்கள். சிஸ்டைன் அலனைனாகிவிட்டது, டிஆர்என்ஏ பழையதே. சிஸ்டைன் வர வேண்டிய இடத்தில் ரைபோசோம் அலனைனைத் தாராளமாகச் சேர்த்தது. எதிர்க்கோடான் பொருந்தினால் அதற்குப் போதும்.

ஆகவே அமிலத்தைச் சரியாக ஏற்றுவது முழுக்கச் சிந்தடேஸ்களின் பொறுப்பு. அவற்றில் பல, தப்பாக ஏற்றியதைத் தாங்களே அறுத்துவிடும் தனி இடம் வைத்திருக்கின்றன. ஐசோலூசினும் வேலினும் ஒரே ஒரு கார்பன்தான் வித்தியாசம், அங்கே இந்தத் திருத்தம் இல்லாமல் காலம் தள்ள முடியாது.

புழுமனை

பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். பி.எஸ்சி. விலங்கியலோடு நின்றுவிட்டேன், இருந்தாலும் இந்த இழையை முழுக்கப் படித்தேன். ஒரு சந்தேகம். ஐந்தாம் பருவத்தில் புழு ராத்திரி பகலாகத் தழை தின்கிறது. மொத்தத் தழையில் எண்பது சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு பருவத்தில் போய்விடும். அப்புறம் நெட்ரிகாவில் (கூடு கட்ட விடும் தட்டு) விட்டால் இரண்டு மூன்று நாளில் கூடு கட்டி முடித்துவிடும். அவ்வளவு புரதத்தையும் இப்படி ஒன்றொன்றாகச் சரிபார்த்துத்தான் கட்டுகிறதா?

ஓசூர் லேப்

அண்ணா, ஒன்றொன்றாகத்தான். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் குவியும் கூடு எல்லாம் இப்படி நகர்ந்து நகர்ந்து வந்ததுதான்.

பட்டின் முக்கியப் புரதம் ஃபைப்ராயின். அதன் கனமான சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள். கிளைசின் 46 சதவீதம், அலனைன் 30, செரின் 12. இந்த மூன்றும் கிளைசின்-அலனைன்-கிளைசின்-அலனைன்-கிளைசின்-செரின் என்று திரும்பத் திரும்ப வருகின்றன. நம் மாதிரிச் செல்களில் ரைபோசோம் நொடிக்கு ஐந்து அமிலம் அளவில் சேர்க்கும் (பாக்டீரியாவில் பதினைந்து இருபது). நொடிக்கு ஐந்து என்று வைத்தால் ஒரு சங்கிலிக்கு 17, 18 நிமிஷம். ஆனால் ஒரே தூது ஆர்என்ஏவில் வரிசையாகப் பல ரைபோசோம்கள் ஓடும், அதனால் முடிந்த சங்கிலிகள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும்.

பட்டுச் சுரப்பியின் பின்பகுதிச் செல்கள் வேறு ஒரு வேலையும் செய்கின்றன. செல் இரண்டாகப் பிரியாமல் டிஎன்ஏவை மட்டும் மேலும் மேலும் பெருக்கிக்கொண்டே போகும். செல்லின் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொன்றும் பூதாகரமாக வளரும். ஐந்தாம் பருவத்தில் சுரப்பியை அறுத்துப் பார்த்தால் உடம்பில் அதுதான் பெரிதாகத் தெரியும்.

கிருஷ்ணகிரி எம்எஸ்சி

இன்னும் ஒன்று சேர்க்கிறேன், இந்த இழைக்கு இதுதான் நேராகப் பொருந்தும். கிளைசினும் அலனைனுமாகவே கேட்டுக்கொண்டிருக்கும் தூது ஆர்என்ஏவுக்கு, எல்லா டிஆர்என்ஏவும் சம அளவில் இருந்தால் என்ன ஆகும்? தேவையில்லாதவை ஏ இடத்தில் மோதித் திரும்பிக்கொண்டே இருக்கும், சரியானதற்கு ரைபோசோம் காத்திருக்க வேண்டும். 1970களில் பிரான்ஸில் பட்டுப்புழுவை ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், பின்பகுதிச் சுரப்பியில் கிளைசின், அலனைன், செரின் டிஆர்என்ஏக்கள் மட்டும் ஃபைப்ராயினின் தேவைக்கு ஏற்ற விகிதத்தில் பெருகியிருந்தன. முயலின் சிவப்பணுச் சாற்றில் ஃபைப்ராயின் தூது ஆர்என்ஏவை ஓடவிட்டபோது ரைபோசோம் இடையிடையே தடைப்பட்டது. ஹீமோகுளோபின் கட்டப் பழகிய செல்லில் அந்த டிஆர்என்ஏ இருப்பு வேறு.

காரிமங்கலம் டியூஷன்

இதை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். பாதிப் பிள்ளைகள் வீட்டில் மல்பெரித் தோட்டம் இருக்கிறது. ஒரு சங்கிலிக்கு 5,263ஐ நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய 21,000 உயர் ஆற்றல் பிணைப்பு. தழை எங்கே போகிறது என்று கேட்டால் இதைக் காட்டலாம்.

கொட்டமுத்து

நான் அறிவியல் ஆள் இல்லை, கடலைக் காட்டு வரப்பில் ஆமணக்கு போடுகிறவன். கொட்டமுத்துப் (ஆமணக்கு விதை) புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கக் கூடாது, நிலத்துக்கு மட்டும்தான் என்று எங்கள் ஐயா காலத்திலிருந்து சொல்வார்கள். அதில் இருக்கும் விஷம் ரைபோசோமைத்தான் கெடுக்கிறது என்று எங்கோ படித்தேன். உண்மையா?

ஓசூர் லேப்

உண்மைங்க. அரூர்க்காரர் கேட்ட கேள்விக்கும் அதிலேயே ஒரு பதில் இருக்கிறது.

விஷத்தின் பெயர் ரிசின். பெரிய துணையலகின் 28எஸ் ஆர்ஆர்என்ஏவில் ஒரு வளைவு இருக்கிறது. ஈஈஎஃப்-1ஏ, ஈஈஎஃப்-2 இரண்டும் வந்து சாய்வதும், அவற்றின் ஜிடிபி உடையத் தூண்டப்படுவதும் அந்த வளைவில்தான். ரிசின் அங்கே ஒரே ஒரு அடினினைக் கிள்ளி எடுத்துவிடும், எலி ரைபோசோமில் அது 4324ஆவது. ஆயிரக்கணக்கான எழுத்துகளில் ஒன்று போனது, அவ்வளவுதான். பிணைப்பு போடும் இடத்தில் ஒரு கீறல் இல்லை. ஆனால் காரணிகள் சரியாகப் பிடிக்காது, சங்கிலி நீளாது. ஒரு ரிசின் மூலக்கூறு நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம்களை இப்படி முடக்கும்.

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நச்சும் இதே வழி. அது ஈஈஎஃப்-2ஐ முடக்கி நகர்வை நிறுத்துகிறது. குழந்தைக்குப் போடும் முத்தடுப்பு ஊசியில் ஒன்று அதற்குத்தான்.

கொட்டமுத்து

அப்போ எண்ணெய்? பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறோமே. எரிப்பட்டுப்புழு ஆமணக்கு இலையைத் தின்றுதானே வளர்கிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லையா?

கிருஷ்ணகிரி எம்எஸ்சி

ரிசின் புரதம் என்பதால் எண்ணெயில் கரையாது, புண்ணாக்கில் தங்கிவிடும். நன்றாகச் சூடுபடுத்தினால் சிதையும். ஆனால் வீட்டு அடுப்பை நம்பி மாட்டுக்கு வைத்துப் பார்க்க வேண்டாம், ஐயா சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள். இலை விஷயம்: ரிசின் சேர்வது முக்கியமாக விதையில்தான்.

எரிப்புழுவின் ஃபைப்ராயினில் கிளைசின்-அலனைன் வரிசைக்குப் பதில் அலனைன் மட்டுமே அடுத்தடுத்து வரும் நீளமான பகுதிகள் இருக்கின்றன. அதன் சுரப்பிக்கு வேறு டிஆர்என்ஏ விகிதம் தேவைப்படும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அரூர்க்காரன்

ரிசின் கணக்கு இடிக்கிறது. ஜிடிபி உடையாவிட்டால் சங்கிலி நிற்கிறது என்றால், ஜிடிபிதான் முக்கியம் என்று நான் சொன்னதே அல்லவா?

ஓசூர் லேப்

முக்கியம் என்பதை யாரும் மறுக்கவில்லை சார். சங்கிலி நிற்கிறது, ஆனால் பிணைப்புக்கு ஆற்றல் தீர்ந்து நிற்கவில்லை. வரவேண்டிய டிஆர்என்ஏவை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை, நகரவும் முடியவில்லை. பி இடத்தில் சங்கிலி ஏந்திய எஸ்டர் அப்படியே முறுக்கோடுதான் இருக்கிறது.

அரூர்க்காரன்

சரி. பையன் பரீட்சையில் “ஜிடிபி பிணைப்புக்கு அல்ல” என்று எழுதி மார்க் போனால் உங்களைத்தான் கேட்பேன்.

காரிமங்கலம் டியூஷன்

“டிஆர்என்ஏ ஏ இடத்தில் சேரவும், ரைபோசோம் நகரவும் ஜிடிபி செலவாகிறது” என்று எழுதச் சொல்லுங்கள். விடைக்குறிப்பு எப்படி இருந்தாலும் அதில் கை வைக்க முடியாது.

புழுமனை

ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். இங்கே ஒருவர் அமினோ அமிலத் திரவம் விற்கிறார். ஐந்தாம் பருவத்தில் தழையில் தெளித்தால் கிளைசின் நேராகப் பட்டாகிவிடும், கூடு எடை ஏறும் என்கிறார். விலையும் கூடுதல். இவ்வளவு நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் வாங்கலாமா?

கிருஷ்ணகிரி எம்எஸ்சி

கிளைசின், அலனைன், செரின் மூன்றையும் புழு தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும் அண்ணா. தழையிலிருந்து அது கட்டாயம் பெற வேண்டியவை வேறு அமிலங்கள், அவை நல்ல தழையில் இருக்கின்றன. அந்தக் காசுக்குத் தோட்டத்துக்கு எரு போட்டு, தழை வாடாமல் கொடுங்கள். புழுமனையில் சூடு 25 டிகிரியை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஈரமான தழை போட்டால் நோய்தான் வரும், தெளிப்பதில் அந்த வம்பும் இருக்கிறது.

புழுமனை

நன்றி மேடம். நாளைக்குத் திரும்ப வருவதாகச் சொல்லியிருந்தார், வேண்டாம் என்று போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். இரண்டு டின் வாங்கிவைத்த பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் இந்த இழையைக் காட்டுகிறேன்.